சிறு மென்பொருள் குழுவுக்கு எந்தப் பணிப்பலகை?

நான்கைந்து பேர் சேர்ந்து மென்பொருள் நிறுவனம் நடத்துவது இப்போது நம்மவர்களிடையே புதிதல்ல. கிள்ளானில் மளிகை மொத்த வியாபாரிக்குக் கணக்கு மென்பொருள், சுங்கை பட்டாணியில் தனியார் கிளினிக்குக்கு முன்பதிவுச் செயலி, ஜொகூர் பாருவில் இருந்தபடி சிங்கப்பூர் நிறுவனத்துக்கு இணையத்தளம் என்று வேலை வந்துகொண்டுதான் இருக்கிறது. இத்தகைய குழுக்கள் வேலை தெரியாமல் தடுமாறுவது குறைவு. ஒப்புக்கொண்ட வேலை எங்கே எழுதி வைக்கப்பட்டது என்று தெரியாமல்தான் தடுமாறுகின்றன.

வாடிக்கையாளர் இரவு பத்து மணிக்குப் புலனத்தில் ஒரு குரல் பதிவு அனுப்புகிறார். "தம்பி, ரசீதுல நம்ம கடை பதிவு எண்ணும் வரணும்" என்கிறார். "சரி அண்ணே" என்று பதில் போகிறது. மறுநாள் அதே குழுவில் நாற்பது செய்திகள் வந்து அந்தப் பதிவை மேலே தள்ளிவிடுகின்றன. மூன்று மாதம் கழித்து, கடைசித் தவணை வாங்கும் நாளில்தான் அது மீண்டும் நினைவுக்கு வருகிறது. அதுவும் வாடிக்கையாளருக்கு வருகிறது. "சொன்னதைச் செய்யவில்லையே" என்று அவர் பணத்தை நிறுத்தி வைக்கிறார். பெரிய நிறுவனத்துக்கு இது சில்லறைப் பிரச்சினை. ஐந்து பேர் குழுவுக்கு அந்த மாதச் சம்பளமே அதுதான்.

இதைத் தடுக்கத்தான் பணிக் கண்காணிப்பு மென்பொருள் இருக்கிறது. இளைஞர்கள் இதை 'டாஸ்க் டிராக்கர்' என்பார்கள். செய்ய வேண்டிய ஒவ்வொரு வேலைக்கும் ஓர் எண், ஒரு தலைப்பு, ஒரு பொறுப்பாளர், அது எந்த நிலையில் இருக்கிறது என்ற குறிப்பு. அடிப்படை அவ்வளவுதான். மற்ற வசதிகள் எல்லாம் அதன்மேல் ஏற்றிய அலங்காரம்.

'டாஸ்க்' என்ற சொல் நம் பெரியவர்களுக்குப் புதிதல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ரப்பர்த் தோட்டத்தில் ஒருவர் ஒரு நாளில் வெட்டி முடிக்க வேண்டிய மரங்களின் பங்குக்கு ஆங்கில நிர்வாகத்தில் இதே பெயர்தான். அதிகாலைப் பெரட்டில் மண்டோர் ஆள் எண்ணி நிரை பிரித்துவிடுவார். கிராணியார் செக்ரோலில் பதிந்துகொள்வார். யாருக்கு எந்த நிரை என்பதில் குழப்பம் இருக்காது. கணினி முன் அமர்ந்திருக்கும் பேரப்பிள்ளைகளின் அலுவலகத்தில் பல நேரம் இல்லாதது அந்தத் தெளிவுதான். ஆனால் செக்ரோலுக்கு இன்னொரு முகமும் உண்டு. அதைப் பிறகு பார்ப்போம்.

எங்கே ஒழுகுகிறது?

மென்பொருளைத் தேடுவதற்கு முன் குழு தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: நம்மிடம் வேலை எந்த இடத்தில் தொலைகிறது? இதற்குப் பதில் தெரியாமல் வாங்கும் எந்த மென்பொருளும் இரண்டு மாதத்தில் பாழடைந்துவிடும்.

சில குழுக்களில் வேலை வாசலிலேயே தொலைகிறது. வாடிக்கையாளர் சொன்னது ஒருவருடைய கைத்தொலைபேசியோடு நின்றுவிடுகிறது. அவர் விடுப்பில் போனால் தகவலும் கூடவே போய்விடும். இந்தக் குழுவுக்கு வேண்டியது, கைத்தொலைபேசியிலிருந்தே இருபது நொடிகளில் ஒரு பணியைப் பதிந்துவிடும் வசதி. அழகான அறிக்கைகள் இதற்கு உதவாது.

வேறு சில குழுக்களில் எல்லாம் எழுதப்பட்டிருக்கும், ஆனால் நடுவில் தேங்கிவிடும். ஐந்து பேர், இருபத்தைந்து வேலைகள், எல்லாமே 'பாதி முடிந்தது'. ஜப்பானின் டொயோட்டா தொழிற்சாலையில் தாய்ச்சி ஓனோ என்ற பொறியியலாளர் உருவாக்கிய 'கன்பான்' முறை இத்தகைய தேக்கத்துக்கு ஏற்றது. கன்பான் என்றால் ஜப்பானிய மொழியில் அறிவிப்புப் பலகை, அட்டை என்று பொருள். செய்ய வேண்டியவை, செய்துகொண்டிருப்பவை, முடிந்தவை என்று பத்தி பிரித்து அட்டைகளை நகர்த்துவது எல்லாருக்கும் தெரியும். பலர் மறப்பது அதன் உயிரான விதியை: நடுப் பத்தியில் இத்தனை அட்டைக்கு மேல் இருக்கக்கூடாது. ஐந்து பேருக்கு ஐந்து அல்லது ஆறு அட்டை போதும். ஒன்றை முடிக்காமல் இன்னொன்றை எடுக்க முடியாது என்ற நிலை வந்தால்தான் முடிப்பதில் கவனம் திரும்பும்.

மூன்றாவது இடம், முடிந்தது என்று சொன்ன பிறகு. நிரலில் பிழை திருத்தப்பட்டுவிட்டது, ஆனால் எந்த மாற்றத்தால் திருத்தப்பட்டது, அது வாடிக்கையாளரின் சர்வருக்குப் போய்ச் சேர்ந்ததா என்று யாருக்கும் தெரியாது. ஆறு மாதம் கழித்து அதே பிழை திரும்ப வரும்போது முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும். இங்கே பணிப் பதிவும் நிரல் களஞ்சியமும் ஒன்றோடொன்று பிணைந்திருக்க வேண்டும்.

கையில் இருப்பதிலிருந்து தொடங்கலாம்

சிறு குழுவில் பெரும்பாலும் நிரல் ஏற்கெனவே கிட்ஹப் தளத்தில்தான் இருக்கும். அப்படியானால் முதலில் முயன்று பார்க்க வேண்டியது அதே தளத்தில் உள்ள 'இஷ்யூஸ்' பகுதி. 2020 ஏப்ரல் முதல் கிட்ஹப்பில் தனியார் களஞ்சியங்களையும் எத்தனை பேருடன் வேண்டுமானாலும் இலவசமாகப் பகிர்ந்து வேலை செய்யலாம். புதிய கணக்கோ புதிய கடவுச்சொல்லோ தேவையில்லை. நிரல் மாற்றத்தின் குறிப்பில் 'ஃபிக்ஸஸ்' என்ற ஆங்கிலச் சொல்லோடு #27 என்று எழுதிவிட்டால், அந்த மாற்றம் முதன்மைக் கிளையில் சேர்ந்தவுடன் 27ஆம் எண் பணி தானாக மூடிக்கொள்ளும். பிறகு எப்போது அந்தப் பணியைத் திறந்தாலும் எந்த வரிகள் மாறின என்பது அங்கேயே தெரியும். மேலே சொன்ன மூன்றாவது ஒழுகலுக்கு இதைவிட மலிவான மருந்து இல்லை. அட்டைப் பலகை வேண்டுமென்றால் அதே தளத்தில் 'புராஜெக்ட்ஸ்' பகுதியும் உண்டு.

குறை இல்லாமல் இல்லை. நிரல் எழுதாதவருக்கு கிட்ஹப் கொஞ்சம் மிரட்டலான இடம். கணக்காளரோ வடிவமைப்பாளரோ வாடிக்கையாளரைப் பார்க்கப் போகும் விற்பனையாளரோ குழுவில் இருந்தால், அவர்கள் இரண்டு நாள் பார்த்துவிட்டு மீண்டும் புலனத்துக்கே திரும்பிவிடுவார்கள். அவர்கள் போன வழியே வேலையும் போகும்.

கிட்லாப் தளமும் ஏறத்தாழ இதே வசதிகளைத் தருகிறது. அதன் இணையச் சேவையின் இலவசத் திட்டத்தில் தனியார் குழுவுக்கு ஐந்து பேர் வரைதான் இடம் என்பதை ஆறு பேர் குழு முன்கூட்டியே கவனிக்க வேண்டும். சொந்த சர்வரில் நிறுவிக்கொண்டால் அந்த எல்லை இல்லை.

டிரெல்லோவும் ஜிராவும்

2011இல் வந்த டிரெல்லோ, பலகையும் அட்டையும் தவிர வேறெதுவும் இல்லாத எளிமையால் புகழ் பெற்றது. நிரல் எழுதாதவரும் பத்து நிமிடத்தில் பழகிக்கொள்வார். கைத்தொலைபேசிச் செயலி நன்றாக இருக்கும். முதல் வகை ஒழுகலுக்கு இது நல்ல பதில். இலவசத் திட்டத்தில் பத்துப் பேருக்கு மேல் சேர முடியாது. சிறு குழுவுக்கு அது தடையல்ல. ஆனால் பலகையில் இருநூறு அட்டை சேர்ந்த பிறகு தேடுவது தலைவலி. பிழைகளை எண் சொல்லிப் பேசுவதற்கும் இது வசதியாக இல்லை.

ஜிரா என்ற பெயரைக் கேட்டாலே சில நிரலாளர்கள் முகம் சுளிப்பார்கள். ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் மைக் கேனன்-புரூக்ஸ், ஸ்காட் ஃபார்குவார் என்ற இரண்டு இளைஞர்கள் தொடங்கிய அட்லாசியன் நிறுவனம் 2002இல் இதை வெளியிட்டது. அதற்கு முன்பு அவர்கள் பயன்படுத்தியது மொசில்லா குழுவினரின் 'பக்ஸில்லா'. அந்தப் பெயர் காட்ஸில்லாவை நினைவூட்ட, காட்ஸில்லாவின் ஜப்பானியப் பெயரான 'கோஜிரா'விலிருந்து தலையை வெட்டி ஜிரா என்று வைத்துவிட்டார்கள். 2017இல் டிரெல்லோவையும் இதே நிறுவனம் 42 கோடியே 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது.

ஜிரா மோசமான மென்பொருள் அல்ல. பத்துப் பேர் வரை இலவசம் வேறு. சிக்கல் அதன் செழிப்பில் இருக்கிறது. ஒவ்வொரு பணிக்கும் வகை, முன்னுரிமை, பதிப்பு, மதிப்பீடு என்று கட்டம் கட்டமாகச் சேர்த்துக்கொண்டே போகலாம். ஒரு பணி 'சரிபார்ப்பு', 'மறுசரிபார்ப்பு', 'ஒப்புதல்' என்று எத்தனை படி ஏற வேண்டும் என்றும் விதிக்கலாம். நூறு பேர் நிறுவனத்துக்கு அது அவசியம். ஐந்து பேர் குழுவில் மேசையைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாலே ஒப்புதல் கிடைத்துவிடும். தவிர, ஜிராவைப் பராமரிப்பதே ஒருவருடைய அரைநாள் வேலையாகிவிடும் ஆபத்து உண்டு. ஜிராவைத் தேர்ந்தெடுக்க நியாயமான காரணம் ஒன்று: வாடிக்கையாளர் பெரிய நிறுவனமாக இருந்து, அவர்களே ஜிராவில் இருந்தால், அவர்கள் மொழியில் பேசுவது வசதி. அப்போதும் முன்னிருப்பாக வரும் கட்டங்களில் பாதியை அகற்றிவிட்டுத் தொடங்குவது நல்லது.

2019இல் தொடங்கிய லீனியர், வேகமும் அழகும் வேண்டும் என்போருக்கு ஏற்றது. இலவசத் திட்டம் 250 பணிகளோடு நின்றுவிடுகிறது. எக்ஸெல் தாளும் கூகுள் ஷீட்டும் இரண்டு பேர் குழுவுக்கு உண்மையிலேயே போதும். மூன்றாவது ஆள் சேரும்போதுதான் ஒருவர் எழுதியதன்மேல் இன்னொருவர் எழுதும் தொல்லை தொடங்கும்.

ரெட்மைன் வேறு வழி. 2006 முதல் இருக்கும் இந்தத் திறந்தமூல மென்பொருளை இலவசமாக எடுத்துச் சொந்த சர்வரில் நிறுவிக்கொள்ளலாம். தோற்றம் பழையது. ஆனால் தலைக்கு இவ்வளவு என்ற கட்டணம் இல்லை, தரவு நம் கையில். விலை வேறு வடிவில் வரும்: புதுப்பிப்புகளை யாராவது ஒருவர் கவனிக்க வேண்டும், காப்புநகல் எடுக்க வேண்டும். எடுத்த காப்புநகலை மீட்டுப் பார்த்துச் சோதிக்கவும் வேண்டும். இதைச் செய்ய ஆள் இல்லாத குழு இந்தப் பக்கம் போகாமல் இருப்பதே நலம்.

பணம்

இந்தச் சேவைகளில் பெரும்பாலானவை ஆளுக்கு மாதம் இவ்வளவு என்று அமெரிக்க டாலரில் வசூலிக்கின்றன. ஆளுக்குப் பத்து டாலர் என்று வைத்துக்கொண்டால் ஆறு பேருக்கு ஆண்டுக்கு 720 டாலர். மலேசியாவில் வெளிநாட்டு மின்னியல் சேவைகளுக்கு 2020 ஜனவரி முதல் சேவை வரி உண்டு. 2024 மார்ச் முதல் அது 8 விழுக்காடு. அதையும் சேர்த்தால் 777 டாலர் 60 காசு. ரிங்கிட்டின் ஏற்ற இறக்கம் தனி. பயிற்சிக்கு வரும் மாணவர், பகுதிநேர வடிவமைப்பாளர், எப்போதாவது எட்டிப்பார்க்கும் வாடிக்கையாளர் எல்லாரும் 'தலை' கணக்கில் வருவார்களா என்பதை முதலிலேயே பார்த்துவிட வேண்டும். இலவசத் திட்டங்களின் எல்லைகளை நிறுவனங்கள் அவ்வப்போது மாற்றுகின்றன. சேரும் நாளன்று விலைப் பக்கத்தை ஒருமுறை வாசித்துக்கொள்வது அவசியம்.

வெளியே வரும் வழி

வீடு வாடகைக்குப் பார்க்கும்போது முன்பணம் திரும்பக் கிடைக்குமா என்று கேட்பது போல, சேரும்போதே வெளியேறும் வழியைக் கேட்டுவிட வேண்டும். காரணம் கற்பனையல்ல. கூகுள் நிறுவனம் நடத்திய 'கூகுள் கோட்' தளத்தில் பணிப் பதிவு வசதியும் இருந்தது. 2016 ஜனவரியில் அது மூடப்பட்டது. சிறு மென்பொருள் குழுக்கள் பல ஆண்டுகளாக நம்பியிருந்த 'பிவோட்டல் டிராக்கர்' 2025 ஏப்ரல் 30ஆம் தேதியோடு நின்றுவிட்டது. ஜிராவைச் சொந்த சர்வரில் வைத்திருந்த சிறு நிறுவனங்களுக்கும் 2024 பிப்ரவரி 15 அன்று அந்தப் பதிப்புக்கான ஆதரவு முடிந்தது.

ஜிரா, லீனியர், ரெட்மைன் மூன்றிலும் பணிப் பட்டியலை சிஎஸ்வி கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். டிரெல்லோவில் இலவசமாகக் கிடைப்பது ஜேசான் கோப்பு. சிஎஸ்வி வேண்டுமென்றால் கட்டணத் திட்டம். கிட்ஹப்பிலிருந்து அதன் கட்டளைவரிக் கருவி வழியே எடுக்கலாம். எதுவானாலும் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒருமுறை இறக்கித் திறந்து பார்க்க வேண்டும். கருத்துப் பரிமாற்றங்களும் இணைப்புக் கோப்புகளும் கூடவே வருகின்றனவா என்பதுதான் கேள்வி. பணியின் தலைப்பு மட்டும் வந்து, அதன் கீழ் நடந்த பேச்சு வராமல் போனால், வாடிக்கையாளர் எதை எப்போது ஒப்புக்கொண்டார் என்ற சான்றும் போய்விடும்.

அடையாள அட்டை எண் விவகாரம்

பிழை ஒன்றைப் பதியும்போது திரைப் படத்தை ஒட்டிவிடுவது எல்லாருடைய பழக்கம். அந்தப் படத்தில் கிளினிக் நோயாளியின் பெயரும் அடையாள அட்டை எண்ணும் நோயின் பெயரும் இருக்கும். இப்போது அது வெளிநாட்டு சர்வரில், பயிற்சிக்கு வந்த மாணவர் உட்பட அனைவரும் பார்க்கும் இடத்தில் கிடக்கிறது. மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் இயற்றப்பட்டது. 2024இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, தரவு கசிந்தால் அதிகாரிகளுக்குத் தெரிவிக்கும் கடமை 2025 ஜூன் முதல் நடப்பில் உள்ளது. சிங்கப்பூரில் 2012ஆம் ஆண்டின் சட்டம் உண்டு. ஆகவே பெயரையும் எண்ணையும் மறைத்துவிட்டுப் படம் ஒட்டுவது, கடவுச்சொல்லைப் பணிக் குறிப்பில் எழுதாமல் இருப்பது, விலகிச் சென்றவரின் கணக்கை அன்றே மூடுவது ஆகிய மூன்றையும் எந்த மென்பொருளாக இருந்தாலும் குழு தானே கடைப்பிடிக்க வேண்டும்.

செக்ரோல் ஆகிவிடக்கூடாது

முன்பு விட்ட இடத்துக்கு வருவோம். செக்ரோல் கூலிக்கான ஏடு. யார் வந்தார், எவ்வளவு செய்தார் என்பதே அதன் கணக்கு. பணிப்பலகையை வைத்திருக்கும் சில முதலாளிகளுக்கும் அந்த ஆசை வந்துவிடுகிறது. மாதக் கடைசியில், 'இவர் முப்பது பணி முடித்தார், அவர் ஒன்பதுதான்' என்று பட்டியல் எடுக்கிறார்கள். மென்பொருள்களும் அந்த வரைபடத்தை ஆவலோடு போட்டுத் தருகின்றன.

விளைவு விரைவில் தெரியும். எண்ணிக்கைக்கு மதிப்பு என்றால் எண்ணிக்கைதான் பெருகும். ஒரே வேலையை நான்கு பணியாக உடைத்துப் பதிவார்கள். மூன்று நாள் தேட வேண்டிய கடினமான பிழையை யாரும் தொடமாட்டார்கள். இளையவர் மாட்டிக்கொண்டதை மூத்தவர் அருகில் அமர்ந்து தீர்த்து வைத்த அரைநாள் எந்தப் பட்டியலிலும் வராது. அந்த ஒன்பது பணிக்காரர்தான் குழுவையே தாங்கி நிற்பவராகவும் இருக்கலாம். எல்லாவற்றையும்விட மோசமானது, பதிவுகள் பொய்யாகிவிடுவது. பலகையைப் பார்த்து வாடிக்கையாளருக்குத் தேதி சொன்னால் அந்தத் தேதியும் பொய்யாகும். தனிநபர் எண்ணிக்கை வரைபடம் முகப்பிலேயே வந்து நிற்கும் மென்பொருளை வாங்குவதற்கு முன், அதை யார் பார்ப்பார்கள், எதற்குப் பார்ப்பார்கள் என்று குழு பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

பதிவது எப்படி?

'ரசீது பிரச்சினை' என்ற பணியை எழுதியவரைத் தவிர யாரும் செய்ய முடியாது. இரண்டு வாரம் கழித்து எழுதியவருக்கும் புரியாது. 'ரசீதின் மேற்பகுதியில் கடைப் பதிவு எண் வர வேண்டும். கடைக்காரர் 12ஆம் தேதி குரல் பதிவில் கேட்டார். ஏ4 தாளிலும் சிறு அச்சுப்பொறியிலும் சரிபார்த்தால் முடிந்தது' என்று எழுதினால் யாரும் எடுத்துச் செய்யலாம். எது நடந்தால் 'முடிந்தது' என்பதே இதில் முக்கியமான வரி. தவணைப் பணம் பற்றிய வாக்குவாதத்தில் கைகொடுப்பதும் அந்த வரிதான்.

தமிழில் எழுதலாமா என்றால் தாராளமாக எழுதலாம். ஒருங்குறி வந்த பிறகு மேலே சொன்ன எல்லா மென்பொருள்களும் தமிழ் எழுத்தை ஏற்கின்றன. செல்லினம் இருந்தால் கைத்தொலைபேசியிலிருந்தே பதிந்துவிடலாம். குழுவில் மலாய், சீன நண்பர்கள் இருந்தால் மட்டும் தலைப்பை அனைவருக்கும் பொதுவான மொழியில் வைத்துக்கொள்வது முறை.

புலனத்தை நிறுத்தச் சொல்லி வாடிக்கையாளரிடம் கேட்பது நடக்காத காரியம். அவர் அங்கேதான் பேசுவார். குழுவில் ஒருவர் அதைப் பணியாகப் பதிந்துவிட்டு, "அண்ணே, உங்கள் வேலைக்கு எண் 27" என்று அதே புலனத்தில் பதில் அனுப்பினால் போதும். சில வாரங்களில், "27 என்ன ஆச்சு தம்பி?" என்று அவரே கேட்கத் தொடங்குவார்.

இரண்டு வாரச் சோதனை

இரண்டு மென்பொருளுக்கு மேல் சோதிப்பது நேர விரயம். மாதிரி வேலைகளை வைத்துச் சோதிப்பதிலும் பயனில்லை. உண்மையாக நடந்துகொண்டிருக்கும் ஒரு திட்டத்தை மட்டும் அதில் ஏற்றி இரண்டு வாரம் ஓட்டிப் பார்க்கலாம். கவனிக்க வேண்டியது, குழுவில் தொழில்நுட்பம் குறைவாகத் தெரிந்தவர் இரண்டாவது வாரத்திலும் யாரும் சொல்லாமலே தானாகப் பதிகிறாரா என்பதை. அவர் பதியவில்லை என்றால் அந்த மென்பொருள் அந்தக் குழுவுக்கு ஆகாது, எத்தனை நட்சத்திர மதிப்பீடு பெற்றிருந்தாலும் சரி.

பழைய பட்டியல் முழுவதையும் புதிய இடத்துக்குக் கொண்டுவரும் வேலையில் மட்டும் இறங்க வேண்டாம். ஆறு மாதமாக யாரும் தொடாத பணிகளை ஒரு சிஎஸ்வி கோப்பாக ஓரமாக வைத்துவிட்டு, இந்த மாதம் செய்யப் போவதை மட்டும் ஏற்றினால் போதும். விட்டுப்போனது உண்மையிலேயே முக்கியமென்றால், வாடிக்கையாளர் அதற்கும் ஒரு குரல் பதிவு அனுப்பாமல் இருக்கமாட்டார்.